கொட்டாஞ்சேனையில் ஐந்து சட்டைகள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிபோல ஜெகதீஸ்வரியின் பிளவுஸ் கொளுக்கிகளில் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தன. ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடிப்போனது. மற்றது சண்முகலிங்கம் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பில் பட்டு 'டிங்' என்றது.

அவன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

"நல்ல காலம், உள்ளுக்கை விழேல்லை. பின் ஒண்டு குத்தி விடட்டோ?"

"ஏற்கெனவே நாலு பின் குத்தியிருக்குதப்பா. இனிக் குத்துறதெண்டால் என்னிலைதான் குத்தவேணும்."

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம் அது. ஜெகதீஸ்வரிக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மேல்மாடி அறையில் இருவரும் குடியேறி இரண்டு வருடமாகியிருந்தது. சண்முகலிங்கம் பஞ்சிகாவத்தையில் ஒரு டயர்க் கடையில் விற்பனையாளன். அவள் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேட்டர். கம்பனிக்கு வருகிறவர்கள் முதலில் காணும் முகமும் அவளுடையதுதான். அவளிடம் ஆறு சேலைகளும் நான்கு பிளவுஸ்களும் இருந்தன. நான்கும் இடம்பெயர்ந்து வந்த புதிதில் தைத்தவை. அப்போது அவள் ஈர்க்குக்குச்சி மாதிரி இருந்தாள். தையல்காரியும் துணியை மிச்சம் பிடித்திருந்தாள்.

பிளவுஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் எப்படியோ சமாளித்திருப்பாள். இரண்டு நாளுக்கு முதல், சனிக்கிழமை, கிளினிக்கில் டொக்டர் அம்மா அவளுடைய இடுப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பாவாடை நாடா இறுக்கிய தடம் வயிற்றைச் சுற்றிச் சிவப்பாக ஓடியிருந்தது.

"என்ன பிள்ளை, இடுப்பில ரெயில் பாதை போட்டு வைச்சிருக்கிறீர்? பிள்ளைக்கு மூச்சுவிட இடம் குடும். உந்த நாடாவைத் தூக்கி எறிஞ்சுபோட்டு ரெண்டு மூண்டு மெட்டனிட்டி சட்டை வாங்கிப் போடும்."

தண்ணீர் குடி என்று சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னார். வாங்கப் புறப்பட்டபோதுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கந்தோருக்கு நாலு கட்டிடம் தள்ளியிருந்த குளிரூட்டிய கடைக்குள் அவள் நுழைந்தாள். தோளிலிருந்து தளர்வாக விழும் நீலச் சட்டை ஒன்று. முன்னால் நான்கு மடிப்பு, பின்னால் கட்டிக்கொள்ள நாடா. தொட்டால் வெண்ணெய் மாதிரி. விற்பனைப் பெண் இங்கிலீஷில் எத்தனை மாதம் என்று கேட்டு, இதைப் போட்டால் எட்டு மாதம் வரைக்கும் ஒன்றும் வெளியே தெரியாது என்றாள். ஜெகதீஸ்வரி விலைச்சீட்டைத் திருப்பினாள். அரை மாதச் சம்பளம். அவள் நாள் முழுக்க நம்பர்களோடு பழகுகிறவள். ஆனாலும் இந்த நம்பர் அவளுக்கு லைன் கிடைக்காத நம்பர். "வயிறு தெரிஞ்சாலும் பரவாயில்லை" என்று தமிழிலே சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நுகேகொடைக்குப் போனார்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடுப்புகள் அங்கே நடைபாதையில் குவியல் குவியலாகக் கிடக்கும். சண்முகலிங்கம்தான் குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை இழுத்தெடுத்தான். நீளக் காற்சட்டை. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் அரை முழத்துக்கு வெறும் இலாஸ்டிக். அவன் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். இழுக்க இழுக்க வந்தது.

"ஈசு, இது என்னெண்டு தெரியுதே? ட்ரக் டியூப் மாதிரி."

"நோனா, எக்ஸ்போட் படு!" என்று வியாபாரி கூவினான். வெளிநாட்டுச் சாமான் என்ற பெருமை அவன் குரலில் வழிந்தது. பிறகு தன் வயிற்றை முன்னால் தள்ளி, அந்த இலாஸ்டிக் அங்கேதான் வரும் என்று நடித்தும் காட்டினான். ஜெகதீஸ்வரி காற்சட்டையைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். அதன் கால்கள் நடைபாதையில் இன்னும் ஒன்றரை முழம் கிடந்தன. ஆறடி உயர வெள்ளைக்காரிக்கு வெட்டியது. மற்றக் குவியலில் சட்டை ஒன்று அகப்பட்டது, ஆனால் அதற்குள் சண்முகலிங்கத்தையும் சேர்த்துப் போடலாம். இருவரும் வழியில் வடை வாங்கித் தின்றுகொண்டு வீடு வந்தார்கள்.

அதுவரைக்கும் என்று அவள் ஒரு வழி செய்தாள். இலாஸ்டிக் வைத்த நீளப் பாவாடை ஒன்று இருந்தது. அதற்கு மேலே சண்முகலிங்கத்தின் சேர்ட்டை வெளியே விட்டுக்கொண்டாள். அவனுக்கு நல்ல சேர்ட் என்று இருந்தவை டயர்க் கம்பனி வருடாவருடம் கொடுத்தவை. பொக்கற்றில் சிவப்பு நூலால் ஒரு டயர், அதைச் சுற்றிக் கம்பனிப் பெயர். திங்கட்கிழமை காலை கப்பலில் பெட்டி அனுப்ப வந்த ஒரு வியாபாரி அவளுடைய பொக்கற்றைப் பார்த்துவிட்டு, "மிஸ், லொறி டயரும் இங்க எடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நிர்வாக முகாமையாளர் நமசிவாயத்தின் காதில் விழுந்தது.

நமசிவாயம் நல்ல மனிதர். ஆனால் கூச்ச சுபாவி. 'பிள்ளைத்தாச்சி' என்ற சொல்லை அவர் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேசைக்கு முன்னால் வந்து நின்று, சுவரில் இருந்த கப்பல் படத்தைப் பார்த்தபடி கதைத்தார்.

"மிஸிஸ் சண்முகலிங்கம், உங்கட... இந்த... நிலைமை எனக்கு விளங்குது. வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலையிருந்து சேர்மன் வாறார். இந்த டயர்... அது சரிவராது. ஒழுங்கான உடுப்பு இல்லையெண்டால் அண்டைக்கு ஒரு நாள் நீங்கள் ரெக்கோட் ரூமிலை இருக்கலாம்."

ரெக்கோட் அறை நாலாம் மாடியில். லிப்ட் இல்லை, யன்னல் இல்லை, காற்றாடி இருந்தும் சுற்றுவதில்லை. ஜெகதீஸ்வரி "சரி சேர்" என்று சொல்லிவிட்டு, அவர் தலை மறைந்ததும் கண்ணைத் துடைத்தாள். அழுகையை விடக் கோபம்தான் கூட.

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த இமெல்டா கையை நிறுத்தினாள். கொட்டாஞ்சேனைக்காரி. நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், பெரிய சிரிப்பு.

"ஏன் ஜெகதி என்கிட்ட முதல்லயே சொல்லல்ல? எங்கட லேன்ல ஒரு பேக் இருக்கு."

"என்ன பேக்?"

இமெல்டா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய அண்ணி இத்தாலியில் வேலை செய்தவளாம். ஏழு வருடத்துக்கு முன்னால் பிள்ளை பெறுவதற்கென்று ஊருக்கு வந்தபோது ஐந்து சட்டை கொண்டுவந்தாளாம். திரும்பிப் போகும்போது அவற்றை இமெல்டாவிடம் விட்டுவிட்டுப் போனாள். இமெல்டா தன் கடைசிப் பிள்ளைக்குப் போட்டாள். பிறகு எதிர்வீட்டு டீச்சர். பிறகு கோயிலடியில் பூ விற்கிறவரின் மகள். பிறகு லேன் முனையில் ஒரு சிங்களப் பிள்ளை. இதுவரைக்கும் ஒன்பது பேர்.

"வாடகை கீடகை ஒண்டுமில்ல. தோய்ச்சு, அயன் பண்ணி, கிழிஞ்சா தைச்சு, அடுத்தவளுக்குக் குடுக்கணும். அவ்வளவுதான். சும்மா துணியா? இத்தாலித் துணி! ஒன்பது வயிறு கண்டும் ஒரு தையல் விடல்ல."

"இப்ப ஆரிட்டை இருக்கு?"

"பைறோஸாட்ட. அவக்கு மூணாவது பிள்ளை. போன வியாழக்கிழமை டேட். இண்டைக்கோ நாளைக்கோ பெத்துருவா. பெத்த கையோட பேக் உங்களுக்கு."

அன்றிலிருந்து ஜெகதீஸ்வரி முன்பின் கண்டிராத ஒரு பெண்ணின் பிரசவத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். செவ்வாய்க்கிழமை காலை இமெல்டா வாசலில் கால்வைக்க முதலே உதட்டைப் பிதுக்கினாள். இன்னும் இல்லை. புதன்கிழமையும் இல்லை. கணக்குப் பிரிவிலிருந்தும் துறைமுகப் பிரிவிலிருந்தும் உள்ளக இணைப்பில் அழைப்புகள் வரத்தொடங்கின. "என்ன, பைறோஸாவுக்குப் பிள்ளை கிடைச்சிட்டுதோ?" வீட்டில் சண்முகலிங்கமும் சேர்ட்டைக் கழற்ற முன்னரே அதைத்தான் கேட்டான். மற்றவளுடைய உடுப்புக்காக அவளுடைய பிள்ளையை அவசரப்படுத்துகிறோமே என்று ஜெகதீஸ்வரிக்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை இமெல்டா ஒரு முடிவுக்கு வந்தாள். "இருக்கிறதில ஒரு சட்டையைக் கேட்டு வாங்குவம். அஞ்சையும் ஒரே நேரத்தில அவ போடப் போறாவா?" இருவரும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் எடுத்தார்கள்.

மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் ஒடுக்கமான லேனில், பச்சைக் கதவு போட்ட வீடு. பைறோஸா முன் அறையில் கதிரையொன்றில் காலை நீட்டி, கையில் விசிறியோடு இருந்தாள். கரு நீலத்தில் வெள்ளைக் கொலர் வைத்த சட்டை. அவ்வளவு பெரிய வயிற்றுக்கு மேலும் அது சுருங்காமல், இழுபடாமல், ஒரு திரைச்சீலை மாதிரி அழகாக விழுந்திருந்தது. ஜெகதீஸ்வரி முகத்தைப் பார்க்க முதல் சட்டையைத்தான் பார்த்தாள். பைறோஸா அதைக் கண்டுகொண்டாள்.

"இவங்களா அடுத்த ஆள்? வாங்க புள்ள, இரிங்க. என்னைய ஏசாதீங்க. நான் என்ன செய்ய? உள்ளுக்கு இரிக்கிறவருக்கு வெளிய வர மனசில்ல. நாட்டு நெலமையப் பாத்து பயந்துட்டாரோ தெரியா."

"ஐயோ அக்கா, நான் ஏன் ஏசுறன்? நாளைக்கு மட்டும் ஒரு சட்டை தந்தியளெண்டால் போதும்."

"அதுல தானே வெவகாரம். நாலு சட்டை இப்ப எனக்கு ஏறுதில்ல, மாமி தோய்ச்சு அலுமாரில மேல வெச்சிட்டாங்க. மாமி சாவியையும் கொண்டு பேருவளைக்கு மகள்ட வீட்டுக்குப் போயிட்டாங்க. ஏறுறது இந்த ஒண்டுதான். இதைத்தான் தோய்ச்சுத் தோய்ச்சு உடுக்கிறன்."

மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஜெகதீஸ்வரிதான். போன ஒரு கிழமை அலைச்சலும் டயர்ப் பொக்கற்றும் ரெக்கோட் அறையும் எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்தது. இமெல்டாவும் தொடங்கினாள். பைறோஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். விசிறி கையிலிருந்து விழுந்தது.

"அல்லாஹ்வே... இமெல்டா, இது சிரிப்பில்ல."

மூன்றாவது பிள்ளை, ஒரு கிழமை பிந்தியது; வருவதென்று தீர்மானித்த பிறகு நிற்கவில்லை. பைறோஸாவின் இரண்டு பொடியன்களும் பள்ளிக்கூடத்தில். கணவன் ஹாஷிம் புறக்கோட்டையில் கடையில். ஜெகதீஸ்வரி மூலையில் இருந்த டெலிபோனை எடுத்து ஹாஷிமின் கடைக்கு அடித்தாள். பதற்றத்தில், அந்தப் பக்கம் "ஹலோ" என்றதும் பழக்க தோஷத்தில் "வன் மொமென்ட் ப்ளீஸ்" என்று சொல்லி, மனிதனை அரை நிமிடம் காத்திருக்கவைத்துவிட்டாள். பிறகுதான் நினைவு வந்து, "அண்ணை, உங்கட மனுசிக்கு நோ வந்திட்டுது, நேரை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்றாள். இமெல்டா வெளியே ஓடி ஒரு த்ரீவீலரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பைறோஸா நடுவில், இரண்டு பக்கமும் இவர்கள் இருவரும்.

பெருந்தெருவுக்கு ஏறியதும் வாகனங்கள் வரிசையாக நின்றன. காலையில் இல்லாத சோதனை. தார்ப் பீப்பாக்களைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு வாகனமாக இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். த்ரீவீலர்க்காரன் ஹோர்னை அமுக்கினான். இளம் சிப்பாய் ஒருவன் கோபமாக வந்து உள்ளே குனிந்தான். முதலில் அவன் கண்ணில் பட்டது பைறோஸாவின் வயிறு. அடுத்து ஜெகதீஸ்வரியின் வயிறு. அவனுடைய முகத்தில் கோபம் போய்த் திகைப்பு வந்தது.

"தென்னமத?" என்றான். இரண்டு பேருக்குமா என்று கேட்கிறான்.

"நே மல்லி, மேயாட்ட!" என்று இமெல்டா பைறோஸாவைக் காட்டிக் கத்தினாள். இவவுக்குத்தான் தம்பி, மற்றவளுக்கு இன்னும் நாலு மாதம் கிடக்கிறது என்று சிங்களத்தில் விளக்கமும் கொடுத்தாள்.

இருந்தும் அவன் அடையாள அட்டைகளை வாங்கினான். மூன்றாவது ஜெகதீஸ்வரியுடையது. யாழ்ப்பாண முகவரியில் அவனுடைய பெருவிரல் நின்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு என்னென்ன கேள்விகள் வரும் என்று அவளுக்குத் தெரியும். பதில்களை மனதுக்குள் அடுக்கத் தொடங்கினாள். அப்போது பைறோஸா த்ரீவீலரின் கூரை அதிர ஒரு சத்தம் போட்டாள். சிப்பாய் மூன்று அட்டைகளையும் ஜெகதீஸ்வரியின் மடியில் போட்டுவிட்டு ஓடினான். பீப்பாவைத் தானே உருட்டி வழிவிட்டான். முன்னால் நின்ற வானைக் கைகாட்டி ஒதுக்கினான். "யன்ன, யன்ன!" போ, போ என்று அவன் கத்தியது பின்னால் நெடுந்தூரம் கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். நேர்ஸ் ஒருத்தி மறைப்புக்குப் பின்னால் பைறோஸாவுக்கு ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிவிட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பைறோஸா தலையை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தாள். நோவுக்கு நடுவிலும் குரல் கணீரென்று வந்தது.

"நேர்ஸ்! அந்தச் சட்டைய அந்தப் புள்ளைட கைல குடுங்க! நாளைக்கு உடுக்கோணும் அவங்களுக்கு!"

நேர்ஸ் ஒரு ஷொப்பிங் பைக்குள் சட்டையைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொலரில் வியர்வை இன்னும் சூடாக இருந்தது. ஜெகதீஸ்வரி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை வந்த கண்ணீரில் கோபம் எதுவும் இல்லை. ஹாஷிம் மூச்சுவாங்க ஓடிவந்து சேர்வதற்கும், பெண்பிள்ளை என்று நேர்ஸ் வந்து சொல்வதற்கும் சரியாக இருந்தது. ஹாஷிம் மூன்று பேருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். த்ரீவீலர்க்காரனும் போகாமல் நின்றிருந்தான்.

இரவே தோய்த்து உலர்த்திய சட்டையை வெள்ளிக்கிழமை காலை சண்முகலிங்கம் அயன் பண்ணினான். மடிப்புகள் ஒன்றோடொன்று முட்டாமல், டயர்களை அடுக்குகிற கவனத்தோடு. நீளத்தை இரண்டு அங்குலம் உள்மடித்துத் தற்காலிகமாக நூல் ஓட்டியதும் அவன்தான். ஜெகதீஸ்வரி அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். இடுப்பில் ஒன்றும் இறுக்கவில்லை. வயிறு நிறைய மூச்சு எடுத்தாள். அப்படி எடுத்து இரண்டு மாதமாகிவிட்டது என்பது எடுத்த பிறகுதான் தெரிந்தது.

பத்து மணிக்குச் சேர்மன் வந்தார். குள்ளமான வயதாளி, கையில் குடை. அவளுக்கு "குட் மோர்னிங்" சொன்னார், கழிவறை எங்கே என்று கேட்டார், போனார். அவ்வளவுதான். ஒரு கிழமையாகக் கந்தோர் நடுங்கியது இதற்குத்தான். பின்னால் வந்த நமசிவாயம் கப்பல் படத்தைப் பார்த்தபடி, "நல்லது... மிகவும்... நல்லது" என்று சொல்லிவிட்டு, நாலடி போனவர் திரும்பிவந்தார். "அந்த ரெக்கோட் ரூம் கதை... அதை மறந்துவிடுங்கோ, பிள்ளை." முதல் தடவையாக அவர் அவளை மிஸிஸ் என்று சொல்லவில்லை.

மற்ற நான்கு சட்டைகளையும் எடுக்கச் சனிக்கிழமை காலை சண்முகலிங்கம் கொட்டாஞ்சேனைக்குப் போனான். பைறோஸாவின் மாமி சாவியோடு வந்து சேர்ந்துவிட்டாராம். பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று போனவனை ஒரு மணியாகியும் காணவில்லை. ஜெகதீஸ்வரி யன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். அந்த நாட்களில் ஒரு தமிழ் ஆம்பிளை இரண்டு மணித்தியாலம் பிந்தினால் வீட்டிலிருப்பவர்களுக்கு வரக்கூடிய நினைவுகள் எல்லாம் அவளுக்கும் வந்தன. ஒன்றே முக்காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"எங்கையப்பா போனனீங்கள்?" என்றாள்.

"செக்பொயின்ற்றிலை பிடிச்சுப்போட்டாங்கள்." அவன் சிரித்துக்கொண்டு பையை மேசையில் வைத்தான். "பயப்பிடாதையும், கேளும். பையைத் திறந்து காட்டு எண்டான். திறந்தால் நாலு பொம்பிளைச் சட்டை. அதுவும் இந்தளவிலை. ஆற்றை எண்டு கேட்டான். என்ரை மனுசியின்ரை எண்டு சொல்ல எனக்குச் சிங்களம் வரேல்லை. கையாலை வயித்தை இப்பிடிக் காட்டினன். அவன் என்னை ஒருமாதிரிப் பாக்கிறான். பேந்து, பொம்பிளையளைத் தடவிச் சோதிக்கிறதுக்கு நிக்கிற ஒரு பொலிஸ் பிள்ளையைக் கூப்பிட்டாங்கள். சந்திராணி எண்டு பேர். அது வந்து ஒவ்வொரு சட்டையாய் விரிச்சுப் பாத்துது. கொலர், கை, தையல் எல்லாம். நான் நினைச்சன், உள்ளுக்கை ஏதும் ஒளிச்சிருக்கோ எண்டு தேடுது. கடைசியிலை பாத்தால், எந்தக் கடையிலை எடுத்தனீங்கள், என்ன விலையெண்டு கேக்குது!"

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இமெல்டாவின்ரை கதை முழுக்கச் சொன்னன். அரைவாசி சிங்களம், அரைவாசி கை. இத்தாலி, ஒன்பது பேர், பைறோஸா எல்லாம். சுத்தி நிண்ட ஆமிக்காரரும் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்கள். அந்தப் பிள்ளை சித்திரையிலைதான் கலியாணம் முடிச்சதாம். தனக்குத் தேவைப்படேக்கை தருவியளோ எண்டு கேட்டுது. ஓம் எண்டு சொல்லி அட்ரஸ் எழுதிக் குடுத்திட்டு வந்தனான்."

ஜெகதீஸ்வரி அப்படியே கட்டிலில் இருந்துவிட்டாள்.

"என்னப்பா, பொலிஸுக்கு எங்கட அட்ரஸை நீங்களாய் எழுதிக் குடுத்தனீங்களோ?"

"அவையிட்டை எங்கட அட்ரஸ் இல்லாமலோ இருக்கு, ஈசு? மூண்டு தரம் பொலிஸிலை பதிஞ்சு குடுத்திருக்கிறம். இந்தமுறைதான் நல்ல விசயத்துக்குக் குடுத்தனான்."

ஐந்து சட்டைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் மார்கழி வரைக்கும் வேலைக்குப் போனாள். மார்கழி மூன்றாம் கிழமை ஆண்பிள்ளை பிறந்தான். பைறோஸா தன் மகளைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்து, வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். பையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று இமெல்டாவிடம் கேட்டபோது, லேனில் இப்போதைக்கு ஒருவருமில்லை, இருக்கட்டும் என்றாள்.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழ் வீட்டுக்காரர் இராஜநாயகம் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் பொலிஸ் பதிவுப் பத்திரங்கள் அடங்கிய கோப்பு. "பிள்ளை, கீழை ஒரு பொம்பிளை வந்து நிக்கிறா. பொலிஸ் எண்டுறா. உங்களைத்தான் கேக்கிறா. எல்லாம் ஒழுங்காய்ப் பதிஞ்சிருக்குத்தானே?"

அவருக்குப் பின்னால் பூப்போட்ட பாவாடையும், கடைசிப் பொத்தான் பூட்டாத மேற்சட்டையுமாக ஒரு பெண் வெட்கத்தோடு நின்றாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இருபத்தைந்து வயது இருக்கும். தன் வயிற்றைத் தொட்டு நான்கு விரலைக் காட்டினாள். நான்கு மாதம்.

இராஜநாயகத்தைக் கோப்போடு அனுப்பிவிட்டு ஜெகதீஸ்வரி பையை இறக்கினாள். சந்திராணி முதலில் எடுத்தது கரு நீலச் சட்டையைத்தான். மறைப்புக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். கைப்பக்கம் இறுக்குகிறதோ என்று ஜெகதீஸ்வரி சைகையால் கேட்டாள். பார்த்துச் சொல்லும்படி சந்திராணி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி நின்றாள். ஜெகதீஸ்வரி அக்குளுக்குக் கீழே தையலைத் தடவி, விலாவோடு இரண்டு பக்கமும் கையை இறக்கிக்கொண்டு போனாள்.

இடுப்புவரை வந்ததும் இருவருடைய கண்களும் சந்தித்தன. யார் முதலில் சிரித்தது என்று பிறகு இருவருக்கும் ஞாபகமில்லை. சந்திராணி கையை இறக்கவும் மறந்து, உயர்த்தியபடியே நின்று சிரித்தாள். தொட்டிலில் பிள்ளை சத்தம் கேட்டு விழித்துவிட்டான். அவனைத் தூக்க முதலில் ஓடியது சந்திராணிதான்.